எங்களுக்காக: கடல் கடந்து வந்த பெண் மிஷனெரிகளும் அவர்களுக்கான ஜெபங்களும்

1895 நவம்பர் 9ஆம் நாள் ஏமி கார்மைக்கேல் பெங்களூருவுக்கு வந்து சேர்ந்தபோது அவருக்குக் கடுமையான டெங்குக் காய்ச்சல். அக்டோபர் 11ஆம் நாள் இங்கிலாந்தில் கப்பலேறியவர், அயர்லாந்தின் வடபகுதியைச் சேர்ந்தவர், வயது 27. அதற்கு முன்பே ஜப்பானில் ஓராண்டுக்குச் சற்று மேலாகப் பணியாற்றி, உடல்நலம் குன்றி, இலங்கை வழியாகத் தாயகம் திரும்பியிருந்தார். பெங்களூருவின் தட்பவெப்பம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று அங்கே செவிலியாக இருந்த தோழி எழுதிய கடிதமே அவரை இந்நகரின் பக்கம் திருப்பியது. நலம் தரும் ஊர் என்று நம்பி வந்தவர் காய்ச்சலோடு வண்டியிலிருந்து இறங்கியது ஒரு முரண்.

அந்தக் காய்ச்சலுக்காக ஜெபிக்க வேண்டியவர்கள் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் இருந்தார்கள். அவர்களுக்குச் செய்தி கடிதமாகத்தான் போக வேண்டும். சூயஸ் கால்வாய் திறந்த பின்னரும் ஒரு கடிதம் போய்ச் சேர ஏறத்தாழ மூன்று வாரம் பிடித்தது. தந்தி இருந்தது; ஆனால் தந்தி மரணத்துக்கு உரியது, காய்ச்சலுக்கு உரியதன்று. எனவே ஒரு சிற்றூர்த் தேவாலயத்தின் பின்னறையில் நான்கைந்து பெண்கள் முழந்தாளிட்டு ‘இக்காய்ச்சல் தணிவதாக’ என்று வேண்டும் நாளில், காய்ச்சல் தணிந்து பல நாள் ஆகியிருக்கும். அல்லது நோயாளியே இருக்கமாட்டார். இது அவர்களுக்குத் தெரியாததன்று. தெரிந்தே நிகழ்காலத்தில் ஜெபித்தார்கள். காலம் கடவுளுக்கு ஒரு பொருட்டன்று என்பது அவர்களது இறையியல். வரலாற்றாய்வாளருக்கு அதைவிட முக்கியமானது வேறொன்று: ஜெபம் என்பது அக்காலத்தில் ஒரு பெரும் தகவல் அமைப்பு. கடிதம் எழுதுவோர், படியெடுப்போர், அச்சிடுவோர், வாசித்துக் காட்டுவோர், நாட்காட்டி தயாரிப்போர் என ஆயிரக்கணக்கான கைகள் அதில் இயங்கின. அக்கைகளுள் பெரும்பாலானவை பெண்களுடையவை. ஜெபம் பலித்ததா என்பது வரலாற்றாய்வு விடையளிக்கக்கூடிய கேள்வியன்று. ஜெபிப்பதற்காக எதை அறிந்தார்கள், எதை அறியாமல் விட்டார்கள் என்பது விடையளிக்கத்தக்க கேள்வி. அதிகம் கேட்கப்படாததும் அதுவே.

கார்மைக்கேலை அனுப்பியது இங்கிலாந்துத் திருச்சபைச் செனானா மிஷனெரி சங்கம். 1880இல், அதற்கு முன்பிருந்த ஒரு சங்கத்திலிருந்து பிரிந்து தோன்றியது. ‘செனானா’ என்பது வடஇந்திய உயர்குடி வீடுகளில் பெண்கள் வாழும் உட்பகுதி. அங்கே ஆண் மிஷனெரி நுழைய இயலாது. ஆகவே பெண் வேண்டும் என்பது சங்கத்தின் வாதம். தென்னிந்தியச் சமூக அமைப்பு அவ்வளவு இறுக்கமாகத் திரையிட்டதன்று. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. பெங்களூருவில் இச்சங்கத்துக்கு ஒரு மருத்துவமனையும் இருந்தது. கன்னட நாட்டின் நடுவே வந்திறங்கிய கார்மைக்கேல் அங்கே பயிலத் தொடங்கியது தமிழை. இது புதிதாக வாசிப்போரை வியக்கச் செய்யலாம். பெங்களூருவை அறிந்தோரை வியக்கச் செய்யாது. 1881இல் மைசூர் அரசு உடையார்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்ட பின்னரும் தண்டுப் பகுதி மட்டும் பிரிட்டிஷ் நேர் ஆட்சியில் 1947 வரை நீடித்தது. படையோடும் வணிகத்தோடும் வந்து அல்சூரிலும் இன்றைய சிவாஜிநகர்ப் பகுதியிலும் குடியேறியவர்களுள் தமிழர் மிகுதி. தண்டின் தெருமொழிகளுள் முதன்மையானது தமிழ். திருநெல்வேலியின் தமிழ்க் கிறித்தவ வரலாற்றில் பெரும் பெயராகப் பின்னர் நிலைத்த ஒருவருக்குத் தமிழ் அரிச்சுவடி பெங்களூருவில் தொடங்கியது இவ்வாறுதான். ஓராண்டு கழிந்து, 1896 டிசம்பரில், தாமஸ் வாக்கர் என்னும் மூத்த மிஷனெரியின் வழிகாட்டுதலில் அவர் தெற்கே சென்றார்.

சங்கம் 1881 முதல் ‘இந்தியாவின் பெண்கள்’ என்று பொருள்படும் ஆங்கில இதழொன்றை நடத்திவந்தது. களத்துப் பெண்களின் கடிதங்கள், மருத்துவமனைக் குறிப்புகள், பள்ளி விவரங்கள் அதில் வரும். இவ்வகை இதழ்களைச் செய்தித்தாள் போலப் படித்தால் ஏமாற்றமே மிஞ்சும். அவை முழந்தாளிட்டு வாசிப்பதற்காக எழுதப்பட்டவை. ஒரு பத்தி முடிந்ததும் அதை விண்ணப்பமாக மாற்ற இயல வேண்டும். ஆகவே ஒவ்வொரு நிகழ்ச்சியும் முடியாத நிலையில் நிறுத்தப்படும்: ஒரு பெண் கேட்க விரும்புகிறாள், கணவன் தடுக்கிறான், ஒரு சிறுமி பள்ளிக்கு வந்தாள், இப்போது வருவதில்லை. கதை முடிந்துவிட்டால் ஜெபிப்பதற்கு என்ன இருக்கிறது? மிஷனெரிக் கடிதத்தின் நடையை உருவாக்கியது எழுதுபவரின் மனப்பாங்கு மட்டுமன்று. வாசிப்பவரின் முழந்தாளும் அதை உருவாக்கியது.

இதற்கு நாட்காட்டியும் உண்டு. சர்ச் மிஷனெரி சங்கம் வெளியிட்ட ஜெபச் சுழற்சி மாதத்தின் நாள்களைக் களங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. குறித்த நாளில் குறித்த களம். பஞ்சாங்கம் பார்த்துப் பழகிய தமிழருக்கு இவ்வொழுங்கு விளங்காமல் போகாது. கத்தோலிக்க உலகில் இதற்கும் முந்தைய வடிவம் ஒன்று இருந்தது. 1822இல் பிரான்சின் லியோன் நகரில் உருவான விசுவாசப் பரப்புதல் சங்கத்தின் பின்னணியில் நின்றவர் போலின் ழாரிக்கோ என்னும் இளம்பெண். பத்துப் பேர் கொண்ட சிறு குழு; ஒவ்வொருவரும் நாள்தோறும் ஒரு செபம், வாரந்தோறும் ஒரு செப்புக்காசு. பத்துக்குழுக்கள் சேர்ந்து நூறு, நூறுகள் சேர்ந்து ஆயிரம். பெங்களூருவிலும் மைசூர் நாட்டிலும் பணியாற்றிய பாரிஸ் அந்நிய வேதபோதக சபையினரும், 1854இல் பெங்களூரு வந்த நல்லாயன் கன்னியரும் இவ்வாறு ஜெபமும் காசும் இணைந்து இயங்கிய உலகத்தைச் சேர்ந்தவர்களே. கடல் கடக்காமலேயே அவ்வுலகின் தலைமைச் சின்னமானவரும் ஒரு பெண்தான். லிசியூ நகரத்து மடத்தை விட்டு வெளியேறாமல் 24 வயதில் இறந்த தெரேசாளை 1927இல் பதினோராம் பயஸ், பிரான்சிஸ் சவேரியாருக்கு இணையாக மிஷன்களின் பாதுகாவலியாக அறிவித்தார்.

புராட்டஸ்டன்ட் தரப்பில் எண்ணிக்கையே கதை சொல்லும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், மனைவியரையும் சேர்த்துக் கணக்கிட்டால், மிஷனெரிகளுள் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். அவர்களைத் தாங்கிய ஜெபக்கூட்டங்களிலும் பெண்களே மிகுதி. பிரிட்டனில் பெண்களுக்கு அப்போது நாடாளுமன்ற வாக்குரிமை இல்லை; பெரும்பாலான சபைகளில் பிரசங்க மேடையும் இல்லை. ஆனால் ஜெபக்கூட்டத்தில் தலைமை தாங்கலாம், கணக்கு வைக்கலாம், உலகப்படம் விரித்துத் திருநெல்வேலி எங்கே, ஃபூஜியான் எங்கே என்று காட்டலாம். பின்னறைக் கூட்டம் பொதுவாழ்வின் பயிற்சிக்களமாயிற்று என்று பெண் வரலாற்றாய்வாளர் கூறுவதில் மிகையில்லை. ஆயினும் அதை விடுதலையின் கதையாக மட்டும் சொல்லி முடிப்பது, அந்தப் பெண்கள் எதற்காகக் கூடியதாகத் தாங்களே கருதினார்களோ அதைப் புறக்கணிப்பதாகும். அவர்கள் கூடியது ஜெபிக்க.

அந்த ஜெபத்தின் விலை என்ன என்பது 1895 ஆகஸ்டில் தெரிந்தது. செனானா சங்கம் கார்மைக்கேலை ஏற்றுக்கொண்டது ஜூலை 26ஆம் நாள். ஆறு நாள் கழித்து, ஆகஸ்ட் முதல் நாள் விடியலில், சீனாவின் ஃபூஜியான் மாகாணத்துக் குச்செங் அருகே மலைவாசத்தில் தங்கியிருந்த பிரிட்டிஷ் மிஷனெரிகள்மீது ஆயுதமேந்திய கூட்டமொன்று பாய்ந்தது. குழந்தைகள் உள்படப் பதினொருவர் இறந்தனர். பெரும்பாலோர் பெண்கள், அவர்களுள் செனானா சங்கத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். இவர்களுக்காக ஜெபச் சுழற்சியில் இடம் இருந்தது. பாதுகாப்பு வேண்டி விண்ணப்பங்கள் தவறாமல் ஏறெடுக்கப்பட்டன. அவை என்னவாயின என்ற கேள்வியைச் சங்கங்கள் இரங்கல் கூட்டங்களில் நேரடியாக எழுப்பவில்லை. பழிவாங்கும் சொல் எழாமல் பார்த்துக்கொண்டன. இரத்தசாட்சி என்னும் பழைய கிறித்தவச் சொல்லுக்குள் இழப்பை வைத்தன. இறந்தவர்களுள் மெல்போர்னைச் சேர்ந்த சாண்டர்ஸ் சகோதரிகள் இருவர் உண்டு. மகள்களை அனுப்பிவிட்டு அவர்களுக்காக ஜெபித்துக் கொண்டிருந்த தாய் எலைசா சாண்டர்ஸ், பின்னர்த் தாமே சீனாவுக்குச் சென்று பணியாற்றினார். ஜெபத்தைப் பற்றிய இறையியல் நூல்கள் பல சொல்லாததை இந்த ஒரு பயணம் சொல்கிறது. அது ஆறுதலா, பிடிவாதமா, இரண்டுமா என்பதை வெளியிலிருந்து தீர்ப்பது கடினம். குச்செங்கின் நினைவு ஆறாத அந்த இலையுதிர்காலத்தில்தான் கார்மைக்கேல் கப்பலேறினார். அவருக்கு விடைகொடுத்த ஜெபங்களில் ‘பாதுகாத்தருளும்’ என்ற சொல் பழைய எடையோடு ஒலித்திருக்க முடியாது.

இங்கே மொழியைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியுள்ளது. இவ்வரலாற்றில் தமிழ்ச் சொற்கள் சுமக்கும் செய்தி சிறிதன்று. ‘ஜெபம்’ வடமொழி ‘ஜப’ என்பதிலிருந்து வந்தது. மந்திரத்தை உள்ளுக்குள் உருவேற்றுதல் அதன் மூலப்பொருள். புராட்டஸ்டன்டுகள் ‘ஜெபம்’ என்றும் கத்தோலிக்கர் பெரும்பாலும் ‘செபம்’ என்றும் எழுதினர். ஒரே எழுத்து வேறுபாட்டில் சபை அடையாளம் தெரிந்துவிடும். உருவேற்றலைக் குறித்த சொல், தன் சொந்தச் சொற்களால் பிறருக்காகப் பேசும் செயலுக்குப் பெயரானது ஒரு பெரும் பொருள்மாற்றம். கத்தோலிக்க வழக்கின் ‘மன்றாட்டு’ இதற்கு நேர்மாறான திசையில் நிற்கிறது: மன்றில் நின்று முறையிடுதல் என்னும் பொதுவெளிப் படிமத்தை அது நினைவூட்டுகிறது. பிறருக்கான ஜெபத்துக்கு இரண்டாவது சொல்லே பொருத்தம் என்று வாதிட இடமுண்டு.

‘ஊழியம்’ இன்னும் கூர்மையானது. மிஷனெரிக்காக ஜெபிப்போர் தமிழில் வேண்டுவது ‘அவருடைய ஊழியத்துக்காக’. இச்சொல் 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் கூலியில்லாக் கட்டாய உழைப்பைக் குறித்தது. அரசுக்கும் கோயிலுக்கும் சுமைதூக்கவும் பாதை செப்பனிடவும் ஒடுக்கப்பட்ட சாதியினர் இழுத்துச் செல்லப்பட்டனர். அதிலிருந்து விலக்குப் பெறுவதற்காக நாகர்கோவில் வட்டாரத்து மிஷனெரிகள் அரசோடு மல்லுக்கட்டினர். அதே காலத்தில், அதே மக்களின் தேவாலயங்களில், அதே சொல் தன்விருப்பத்தோடு செய்யும் மேன்மையான பணிக்குப் பெயராக ஒலித்தது. ஒரு கடல்கடந்த பெண்ணுக்காக ‘ஊழியக்காரி’ என்ற சொல்லைச் சொல்லி ஜெபித்த கன்னியாகுமரிப் பகுதிக் கிழவிக்கு, அச்சொல்லின் மற்ற பொருள் தன் தகப்பனின் முதுகில் எழுதப்பட்டிருந்தது. மொழிபெயர்ப்பாளர் இதை எண்ணித்தான் தேர்ந்தாரா என்பது வேறு. சபை அதை அறிந்தே சொல்லியது. ‘பாரம்’ என்ற சொல்லும் இதே குடும்பம். ‘ஜெபபாரம்’, ‘ஆத்தும பாரம்’ என்று இன்றும் புழங்கும் தொடர்களில் ஜெபம் ஒரு சுமையாக, தூக்குபவர் ஒரு சுமைகாரராக உருவகிக்கப்படுகிறார்.

இலக்கணத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மை ஒன்றே. தமிழில் கேட்பவரையும் உளப்படுத்தும் ‘நாம்’ வேறு, உளப்படுத்தாத ‘நாங்கள்’ வேறு. ஜெபத்தில் கேட்பவர் கடவுள். அவரை உளப்படுத்த இயலாது. ஆகவே தமிழ் ஜெபம் எப்போதும் ‘நாங்கள்’, ‘எங்கள்’ என்றே இயங்கும். இதில் புதுமையில்லை. ஆனால் அதன் விளைவைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் தாயகத்துக்குக் கடிதம் எழுதும் மிஷனெரி ‘எங்களுக்காக ஜெபியுங்கள்’ என்றால், அந்தப் பன்மைக்குள் பெரும்பாலும் வெள்ளையர் மட்டுமே இருந்தனர். உள்ளூர் உடன்பணியாளர் ‘அவர்கள்’. அதே மிஷனெரி பண்ணைவிளையில் தமிழ்ப் பெண்களோடு மண்தரையில் முழந்தாளிட்டு வாய்திறந்து ‘எங்களை’ என்று தொடங்கும்போது, அச்சொல்லுக்கு வெளியே நிற்பவர் கடவுள் ஒருவரே. அறையிலுள்ள அனைவரும் உள்ளே. தமிழில் ஜெபிக்கக் கற்ற மிஷனெரி, ஆங்கிலக் கடிதம் அளிக்காத ஒரு பன்மைக்குள் நாள்தோறும் நின்றார்.

பண்ணைவிளையில் அவ்வாறு முழந்தாளிட்டவர்களுள் முதன்மையானவர் பொன்னம்மாள். இளம் விதவை. வாக்கர் தம்பதியரோடு தங்கியிருந்த கார்மைக்கேல், உள்ளூர்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்றார். கூடாரமடித்துத் தங்குவார்கள், வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து பேசுவார்கள், பெரும்பாலும் திருப்பி அனுப்பப்படுவார்கள். திருமணமான, கைம்பெண்ணான தமிழ்ப் பெண்கள் குடும்ப ஆண்களின் துணையின்றி இவ்வாறு பயணம் செய்வது அன்றைய கிறித்தவக் குடும்பங்களுக்கே ஏற்புடையதாக இல்லை. இந்தப் பயணங்களைப் பற்றி அவர் எழுதி அனுப்பிய கையெழுத்துப்படிக்கு நேர்ந்தது, ஜெப இலக்கியத்தின் உள்முரணை வெளிச்சமிடுகிறது. இங்கிலாந்தில் அதைப் படித்த குழு திருப்பி அனுப்பியது. ஊக்கமளிக்கும்படி மாற்றி எழுத வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். மதம் மாறியோர் எண்ணிக்கையும் மகிழ்ச்சியான முடிவுகளும் இருந்தால்தான் ஜெபமும் காணிக்கையும் தளராது என்பது கணக்கு. கார்மைக்கேல் மாற்றவில்லை. உள்ளது உள்ளபடி தெரியாதவர் எதற்காக ஜெபிப்பார் என்பது அவர் நிலைப்பாடு. பின்னர் நண்பர்களின் தூண்டுதலால் 1903இல் அது நூலாயிற்று. ‘உள்ளது உள்ளபடி’ என்று பொருள்படும் தலைப்போடு. நம்ப மறுத்தவர்கள் இருந்தமையால், பிற மிஷனெரிகளின் உறுதிமொழிகள் பிந்தைய பதிப்புகளில் சேர்க்கப்பட்டன.

தோல்வியை எழுதியதற்காக அந்நூலைப் பாராட்டலாம்; பாராட்டவும் வேண்டும். ஆனால் அதன் ‘உள்ளபடி’ யாருடையது என்ற கேள்வி எஞ்சுகிறது. திருநெல்வேலிச் சீமையின் வீடுகள், சாதிகள், கோயில்கள் அதில் இருளின் மொழியில் வருகின்றன. கதவை அடைத்த குடும்பத்தார்க்கு அவர்கள் தரப்பு ஒன்று இருந்தது: மகள் மதம் மாறினால் வீடு சாதியை இழக்கும், மற்றப் பிள்ளைகளின் திருமணம் நிற்கும். அது நூலில் தடையாக மட்டுமே பதிவாகிறது. எழுதப்பட்டவர்கள் ஆங்கிலம் அறியாதவர்கள். தங்களைப் பற்றி ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் விண்ணப்பிக்கப்படுவதை அறியாதவர்கள். பிறருக்காக ஜெபித்தல் அன்பின் செயலாக இருக்கும்போதே, பிறரைப் பற்றிப் பேசும் அதிகாரமாகவும் இருக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் காண்போர் இரு தரப்பிலும் உள்ளனர்; மூலங்கள் அவ்வளவு எளிதாக ஒரு பக்கம் சாய்வதில்லை.

1901 மார்ச்சில் ப்ரீனா என்னும் ஏழு வயதுச் சிறுமி கோயில் பெண்களின் வீட்டிலிருந்து தப்பிப் பண்ணைவிளைக்கு வந்த பின் கார்மைக்கேலின் பணி திசைமாறியது. கோயில்களுக்கு அர்ப்பணிக்கப்படவிருந்த குழந்தைகளைக் காக்கும் இல்லம் அவ்வாண்டே டோனாவூரில் வேர்கொண்டது. (டோனாவூர் என்ற பெயரே கடல்கடந்த கொடையாளர் ஒருவரின் நினைவு. 1820களில் ரேனியஸ் அமைத்த அச்சிற்றூருக்குப் பண உதவி செய்தவர் பிரஷ்யாவின் டோனா பிரபு.) தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் மதராஸ் மாகாணத்தில் 1947இல்தான் வந்தது, அதற்குக் களம் அமைத்த முத்துலட்சுமி ரெட்டியின் சட்டமன்ற முயற்சி வேறொரு மரபைச் சேர்ந்தது, வேறு மொழியில் பேசியது. டோனாவூர் மரபு ஜெபத்தின் மொழியில் பேசியது. பணத்துக்காக வேண்டுகோள் விடுப்பதில்லை, கடவுளிடம் மட்டுமே கேட்பது என்பது அங்கே விதி. நூல்களும் சுற்றுக்கடிதங்களும் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்தே இவ்விதியைப் புரிந்துகொள்ள வேண்டும்.

அவ்வில்லத்தின் உறவுச்சொற்கள் தனி ஆய்வுக்கு உரியவை. கார்மைக்கேல் ‘அம்மா’. பிள்ளைகளை வளர்த்த தமிழ்ப் பெண்கள் ‘அக்காள்’. ஐரோப்பாவிலிருந்து வந்த பெண்கள் ‘சித்தி’. ஆண்கள் ‘அண்ணாச்சி’, அது திருநெல்வேலி மண்ணின் சொல். வெளிநாட்டுப் பெண்ணைத் துரைசாணி என்றோ மிஸ்ஸியம்மா என்றோ அழைத்துவந்த காலத்தில், அவரைத் தாயின் தங்கையாக்கியது சிறிய மாற்றமன்று. ஜெபத்தில் ‘இந்தச் சித்தியின் காய்ச்சல் தணிவதாக’ என்று ஒரு சிறுமி வேண்டும்போது, பெங்களூருவின் 1895ஆம் ஆண்டுக் காய்ச்சலுக்காகக் கடலுக்கப்பால் வேண்டியவர்களுக்கும் அவளுக்கும் இடையில் பெரிய வேறுபாடு உண்டு: அவள் அடுத்த அறையில் இருக்கிறாள், தணிந்ததா என்று போய்ப் பார்க்கலாம்.

மாட்டுவண்டியில் உடன் சென்றவர்களின் நிலை என்ன? மிஷன் அறிக்கைகளில் ஐரோப்பியப் பெண்கள் பெயரால் வருவர். தமிழ்ப் பெண்கள் எண்ணிக்கையால் வருவர். ‘பைபிள் உமன்’ இத்தனை பேர், ஆசிரியைகள் இத்தனை பேர். ஜெபத்துக்குப் பெயர் தேவை. எண்ணுக்காக முழந்தாளிடுவது கடினம். எனவே தென்னிந்தியப் பெண்கள் ஊழியத்தின் பெரும்பகுதியைச் செய்தவர்கள், அவ்வூழியத்துக்காக உலகெங்கும் ஏறெடுக்கப்பட்ட ஜெபங்களில் பெயரின்றி நின்றனர். பொன்னம்மாள் விதிவிலக்கு. 1915 ஆகஸ்டில் புற்றுநோயால் அவர் இறந்த பின் கார்மைக்கேல் அவரைப் பற்றித் தனி நூல் எழுதினார். பிரிட்டிஷ் வாசகருக்கு முன் ஒரு தமிழ் விதவை, தன் பெயரே நூலின் தலைப்பாக, வந்து நின்றார். ஆனால் அவருக்காக ஜெபிக்கும் காலம் அப்போது கடந்திருந்தது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இக்கதை வேறு வடிவம் கொண்டது, சுருக்கமாகவே சொல்லலாம். அமெரிக்கப் பெண்கள் மிஷன் சங்கங்களின் பொன்விழா 1910, 1911 ஆண்டுகளில் நகரம் நகரமாகக் கொண்டாடப்பட்டது. முன்னின்றவர்கள் ஹெலன் பாரெட் மாண்ட்கோமரி, லூசி பீபாடி. அவ்வலையமைப்பே பின்னர் ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்கு நிதி திரட்டியது. சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியும் ஐடா ஸ்கடரின் வேலூர் மருத்துவப் பள்ளியும் அவற்றுள் அடங்கும். 1887 முதல் தனித்தனிச் சபைப் பெண்கள் மிஷன்களுக்காக நடத்திவந்த ஜெப நாள்கள் ஒன்றிணைந்து 1927இல் உலக ஜெப நாளாயின. மார்ச் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை தமிழ்நாட்டிலும் பெங்களூருவிலும் பெண்கள் கூடும் அந்நாளுக்கான ஆராதனை முறையை, ஒவ்வோராண்டும் ஒரு நாட்டுப் பெண்கள் எழுதுகின்றனர். ஒரு திசையில் மட்டும் பாய்ந்த ஜெபம் பல திசைகளில் பாயத் தொடங்கியதன் தெளிவான அடையாளம் இது.

தமிழர் தாங்களே மிஷனெரிகளை அனுப்பத் தொடங்கியது 1903இல். வேதநாயகம் அசரியா முன்னின்ற திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு ஆள் அனுப்பியது. கடல் இல்லை, ஆனால் மொழி வேறு, உணவு வேறு, அக்காலத் திருநெல்வேலிக் குடும்பத்துக்கு அது மறுகரைதான். சமைக்க எடுக்கும் அரிசியில் ஒரு பிடியை ஒதுக்கி வைக்கும் பிடியரிசி வழக்கம், ழாரிக்கோவின் செப்புக்காசுக்குத் தென்னகத்து இணை. மிசோரம் பெண்கள் இதே வழக்கத்தை 1910 முதல் ஒரு பெரும் நிதியமைப்பாகவே வளர்த்தனர். சமையலறைதான் இரண்டுக்கும் பிறப்பிடம். அரிசியை அள்ளும் கை நிற்கும் அந்தக் கணமே ஜெபவேளை.

1959இல் தோன்றிய இயக்கமொன்று தன் பெயரிலேயே இதை வைத்துக்கொண்டது: நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு. சங்கம் என்றோ சபை என்றோ அன்று, ஜெபக்குழு என்று. அனுப்பும் அலகு ஓர் ஊரின் ஜெபக்கூட்டம். மிஷனெரி அக்கூட்டத்தின் கை. 1965இல் உருவான இந்திய சுவிசேஷ மிஷன் பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டது. அதன் முதல் பொதுச் செயலரான தியோடர் வில்லியம்ஸ் தமிழ்க் கிறித்தவ உலகம் நன்கறிந்த பிரசங்கியார். வடஇந்தியக் களங்களுக்கும் பின்னர் வெளிநாடுகளுக்கும் இவ்வமைப்பின் வழியே பெண்கள் சென்றனர்: செவிலியராக, ஆசிரியைகளாக, வேதாகம மொழிபெயர்ப்பாளர்களாக. கார்மைக்கேல் காய்ச்சலோடு வந்திறங்கிய நகரத்திலிருந்து இப்போது ஜெபக்கடிதங்கள் வெளியே போயின. வீட்டிலிருந்து எழுதப்பட்டவை, வீட்டாருக்காக எழுதப்பட்டவை என்ற வேறுபாடு மங்கியது.

அக்கடிதங்களின் நடை பெரிதும் மாறவில்லை. முடியாத நிகழ்ச்சி, குழந்தையின் பள்ளிச் சேர்க்கை, மொழி கற்பதில் தடுமாற்றம், மஞ்சள்காமாலை, இறுதியில் வேண்டுகோள். காலதாமதம் ஒழிந்தது, செய்தி கைப்பேசியில் அந்நொடியே வந்துவிடுகிறது, காய்ச்சல் இருக்கும்போதே காய்ச்சலுக்காக ஜெபிக்க முடிகிறது. வேறொன்று மாறியிருக்கிறது. மதமாற்றத் தடைச் சட்டங்களும் தாக்குதல் அச்சமும் நிலவும் இடங்களிலிருந்து வரும் கடிதங்களில் பெயர்கள் இருப்பதில்லை. ஊர் இருப்பதில்லை. பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும், சில வேளைகளில் அதுவும் இராது. ‘மேற்கே பணியாற்றும் ஒரு சகோதரி’. வாராந்தரப் பெண்கள் கூட்டத்தில் அதை வாசிப்பவர் அவ்விடத்தில் ஒரு கணம் நிறுத்தி, ‘அந்தச் சகோதரிக்காக’ என்று தொடர்கிறார்.